வந்த பூனையும் வளர்த்த பூனையும்

நம் வீடுகளில் பூனைக்குக் கிடைக்கும் இடம் வேறு எந்தப் பிராணிக்கும் கிடைப்பதில்லை. குசினிக்குள் வரும், பாயில் படுக்கும், தொழுகை விரிப்பின் ஓரத்தில் சுருண்டுகொள்ளும். யாரும் அதை நஜீஸ் என்று விரட்டுவதில்லை. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்வதற்காக வைத்த தண்ணீரை ஒரு பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், நம்மைச் சுற்றிச் சுற்றி வருகின்ற இந்தப் பிராணி அசுத்தமானதல்ல என்ற நபி (ஸல்) அவர்களின் சொல்லை எடுத்துக் கூறினார்கள்.

ஆகவே, மழையில் நனைந்த குட்டியொன்றைப் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தால், “கொண்டுபோய் விடு” என்று முழுமனதோடு சொல்ல எந்த உம்மாவாலும் முடிவதில்லை. சொன்னாலும் பிள்ளையிடம் பதில் தயாராக இருக்கும். பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அஹதிய்யாவில் படிக்காத பிள்ளை நம்மில் யார்?

குட்டி உள்ளே வந்துவிடும். அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனையை யாரும் நினைப்பதில்லை. அன்று மாலையே அதன் தட்டில் புதிய குட்டிக்கும் சோறு போடுவார்கள். “சண்டை பிடிக்கும், பிறகு பழகிவிடும்” என்பார்கள். சண்டைதான் பிரச்சினை என்ற இந்த நினைப்பைத்தான் நான் மறுக்கிறேன். கீறலும் சீறலும் இந்தச் சந்திப்பில் மிகச் சிறிய ஆபத்து.

நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே குடும்பத்து வைரஸால் பூனைக்கும் ஒரு நோய் வரும். பன்லியூகோபீனியா என்பது அதன் பெயர். இரத்தத்தின் வெள்ளையணுக்களைக் குறைத்து, குடலைப் பழுதாக்கி, குட்டிகளைச் சில நாட்களில் முடித்துவிடும். தொற்றிய உடனே ஒன்றும் தெரியாது. நன்றாகத் தின்று, துள்ளி விளையாடும் குட்டிக்குள்ளும் வைரஸ் இருக்கலாம். அது தட்டிலும் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடம் வரையும் உயிரோடிருக்கும். நமது செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அறைக்கு அறை போகும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் ஆறு, எட்டு வாரமானால்தான் குட்டிகளுக்கு முதல் ஊசி போடத் தொடங்குவார்கள். பிறகு நான்கு மாதமாகும் வரை சில வார இடைவெளிகளில் மீண்டும் போட வேண்டும்.

பூனைக்குட்டியின் தந்தை என்ற புனைபெயராலேயே உலகம் அறிந்த ஸஹாபி அபூ ஹுரைரா (ரழி) அவர்கள். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தவர்களும் அவர்களேதான். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. பூனை மீதான இரக்கத்துக்கு அபூ ஹுரைராவின் பெயரைச் சொல்லும் நாம், அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸைப் பூனைக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. எனக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

சென்ற மாரியில் என் தம்பி சந்தைக் கானோரத்திலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்தான். அப்போது எங்கள் மினு மூன்று குட்டிகள் ஈன்று ஐந்து வாரம். ஊசி போடும் வயது அந்த மூன்றுக்கும் வரவில்லை. வாப்பா புதிய குட்டியை வீட்டுக்குள் எடுக்கவில்லை. பின்வளவில் சும்மா கிடந்த கோழிக்கூட்டைத் துடைத்து, மூன்று பக்கமும் சாக்கினால் மறைத்து, சுடுநீர்ப் போத்தலொன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். பதினைந்து நாளுக்கு அதுதான் அதன் வீடு என்றார். முதலில் மினுவுக்கும் குட்டிகளுக்கும் சாப்பாடு, அதற்குப் பிறகே கூட்டுக்குப் போகலாம். கூட்டுக்கென்று தனித் தட்டு, தனிச் செருப்பு, போகும்போது மேலே போட்டுக்கொள்ளத் தம்பியின் பழைய சேர்ட் ஒன்று. திரும்பி வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். 2020ஆம் ஆண்டு நாமெல்லோரும் கற்றுக்கொண்ட ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல்லைத் தம்பி ஓர் அட்டையில் எழுதிக் கூட்டில் தொங்கவிட்டான்.

பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, “சின்ன ஜீவனப் போய் இப்பிடி அடச்சி வெச்சிரிக்கீங்களே மகள், பாவமில்லயா?” என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஹதீஸில் வரும் பெண் பூனையை அடைத்தாள். உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள பூச்சிபுழுக்களைத் தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. எங்கள் கூட்டில் உணவு இருந்தது, தண்ணீர் இருந்தது, சூடு இருந்தது, நாளுக்கு நான்கு தடவை தம்பி இருந்தான். எப்போது திறக்கப்படும் என்ற நாளும் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியாது.

நான்காம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. ஐந்தாம் நாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அறிகுறிகளைப் பார்த்து அவர் சொன்னதும் நான் மேலே எழுதிய நோயைத்தான். ஊசி மூலம் நீர் ஏற்றினார், மருந்து தந்தார். அடுத்த நாள் ஸுபஹ் பாங்குக்கு முன் அது மௌத்தாகிவிட்டது. தம்பி அந்தப் பழைய சேர்ட்டோடு கூட்டருகே உட்கார்ந்திருந்தான்.

மினுவின் மூன்று குட்டிகளும் இப்போது வளர்ந்து, என் கொப்பிகளின் மேல் படுக்கின்றன.

சில விடயங்களை உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் சொல்ல விரும்புகிறேன். வந்த குட்டி சோர்ந்து கிடந்தால் நம்மவர்களின் கை முதலில் பனடோலைத்தான் தேடும். மனிதருக்கு மருந்தான அது பூனைக்கு நஞ்சு. அரைக் குளிசை போதும், பூனையின் உயிர் போய்விடும். பசும்பாலும் வேண்டாம், வயிற்றாலே போகும். பிள்ளையைக் குட்டி கடித்தாலோ கீறினாலோ மஞ்சளையும் கோப்பித்தூளையும் அள்ளி அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். விசர் நோய் நாயால் மட்டும் வருவதல்ல. அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு மருந்தும் இல்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலம் விழுந்த மண்ணை அவர் அள்ளக் கூடாது. மற்றவர்கள் அதை நாள்தோறும் அகற்றிவிட வேண்டும். மலத்தோடு வரும் ஒருவகைக் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால் அன்றாடம் அள்ளுவதே பாதி பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில தோழிகளுக்கு இது பிடிக்காது. தனியாக வைக்க ஓர் இடமும், மிருக வைத்தியருக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணமும், பதினைந்து நாள் பொறுமையும் இல்லாத வீட்டார் குட்டியை உள்ளே எடுக்காமலிருப்பதில் தவறில்லை. மதிலுக்கு வெளியே தட்டொன்றில் மீனும் சோறும் வைக்கலாம், மழைக்கு ஒதுங்க ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், இடவசதியுள்ள ஒருவரைத் தேடலாம். அதுவும் ஸதகாதான். உள்ளே எடுத்து, வீட்டுப் பூனைக்கு நோயைக் கொடுத்து, இரண்டையும் பறிகொடுத்துவிட்டு ‘நிய்யத் நல்லதுதானே’ என்று ஆறுதல் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. வீட்டுப் பூனை நம்மை நம்பி வெளியுலகை விட்டது. அது நம்மிடமுள்ள அமானிதம்.

எங்கள் கோழிக்கூட்டின் கதை இன்னும் முடியவில்லை. மரத்தின் வெடிப்புகளுக்குள் வைரஸ் தங்கும் என்று வைத்தியர் சொன்னதால் வாப்பா அதை எரித்துவிட்டார். கூடு இருந்த இடத்தில் குளோரின் கலந்த தண்ணீரை ஊற்றினார். தடுப்பூசி போடாத எந்தக் குட்டியும் ஒரு வருடத்துக்கு அந்த மூலைக்குப் போகக் கூடாதாம். தம்பி பழைய தகரமும் கம்பிவலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறான். கழுவுவதற்கு லேசாக இம்முறை மரமே இல்லாமல் செய்யப் போகிறானாம். கிணற்றுக்கு அந்தப் பக்கம் வைக்கலாம் என்று வாப்பா இடமும் காட்டிவிட்டார்.