தேய்ந்த அடிமட்டம்

சென்ற முறை அட்டனுக்குப் போயிருந்தபோது, ஒரு தோட்டத்து லயத்தில் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவரைச் சந்தித்தேன். பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். முதுகுவலியால் மலையேற முடியாமற்போகவே, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டார். ஆடைத் தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் வெட்டுத்துண்டுகளை மலிவாக வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டிப் பொருத்தி, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை தைப்பார். நுவரெலியாவின் குளிரை அறிந்தவர்களுக்கு அப்போர்வையின் அருமை தெரியும்.

நான் போன அன்று வீட்டில் ஒரே மனத்தாங்கல். தங்கும் விடுதி ஒன்றுக்காகத் தைத்த இரண்டு போர்வைகள் திரும்பி வந்திருந்தன. சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஓரம் வளைந்திருந்தது. பாதித் துண்டுகளைத் தாயும், மீதியை மகளும் வெட்டியிருக்கிறார்கள். தாயிடம் இருந்தது பழைய அடிமட்டம். மகள் பயன்படுத்தியது கடையில் புதிதாக வாங்கியது.

“பிள்ளதான் கோணலா வெட்டிருச்சு ஐயா. என் அடிமட்டம் எட்டு வருசமா என்னோட இருக்கு, ஒருநாளும் பிழைச்சதில்ல” என்றார் தாய். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் தலைகுனிந்து நின்றாள்.

இரண்டு அடிமட்டங்களையும் வாங்கிப் பார்த்தேன். பழையது, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அக்ரிலிக் பலகை. சக்கரம்போல் உருளும் கத்தியை அதன் ஓரத்தில் அழுத்தி ஓட்டித் துணி வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கத்தி துணியை மட்டும் வெட்டுவதில்லை; பிளாஸ்டிக் ஓரத்தையும் மயிரிழையளவு சீவிச் செல்கிறது. அதிகம் புழங்கும் இடத்தில் அதிகம் தேய்கிறது. கோடுகளும் எண்களும் அழிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஓரம் குழிவது தெரியாது.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தாளில் அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னர் அடிமட்டத்தைப் புரட்டி, அதே ஓரத்தை அதே கோட்டின் மறுபக்கத்தில் வைத்து மீண்டும் இழுக்க வேண்டும். ஓரம் நேராக இருந்தால் இரு கோடுகளும் ஒன்றாகும். பழைய அடிமட்டத்தில் அவை நடுவில் பிரிந்து, வாழையிலைபோல் ஓர் இடைவெளி விழுந்தது. புதியதில் ஒரே கோடுதான். ஒரு சதுரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் பிழை பெரிதல்ல. வரிசைக்கு இருபது சதுரம் என்றால் அது இரண்டு சென்றிமீற்றர்.

தாய் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் தலையைத் தடவினார்.

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். பழகிய கோலின்மீது ஐயம் எழவேயில்லை. கை மீதுதான் எழுந்தது. அதுவும் வீட்டிலேயே இளைய கை மீது.

கோல் தேயும் என்பது உலகுக்குப் புதிதல்ல. பாரிஸ் அருகே பூட்டிக் காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் 1889 முதல் உலகின் கிலோகிராம். அதற்கும் அதன் அதிகாரபூர்வப் பிரதிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு வந்துவிட்டதைக் கண்டார்கள். இறுதியில் 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்து, இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். அத்தனை காவலில் இருந்ததையே சோதித்து மாற்றினார்கள் என்றால், லயத்து அறையில் நாள்தோறும் கத்தியோடு உரசும் பலகை எம்மாத்திரம்?

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். சோழர் காலத்தில் நிலமளந்த கோல்களின் நீளத்தைக் கோயிற்சுவர்க் கல்லில் குறித்து வைத்தார்கள். கோலின் மீது ஐயம் எழுந்தால் சுவரில் வைத்துப் பார்க்கலாம்.

மலையகத்தில் இதைப் பேசும்போது கொழுந்து நிறுக்கும் தராசு நினைவுக்கு வராமல் இராது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்பது பலரும் சொல்லும் எண். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய முறைப்பாடுகளை என் பத்திரிகை வாழ்க்கை முழுதும் கேட்டிருக்கிறேன். நிறை குறைந்தால் அங்கும் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது பறித்தவளின் கைதான். தராசைப் பார்ப்போம் என்று யாரும் சொல்வதில்லை.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம், வணிகத்தில் பயன்படும் தராசுகளும் அளவுகோல்களும் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும் என்கிறது. கடைக்காரரிடம் முத்திரையைக் காட்டச் சொல்லும் துணிவு நகரத்து வாடிக்கையாளருக்கு ஓரளவேனும் உண்டு. மலைச்சரிவில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தத் துணிவை யார் கொடுப்பது?

தையற்பயிற்சி கொடுத்து, இயந்திரமும் வழங்கும் அமைப்புகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடிமட்டமும் தேயும் என்பதைப் பாடத்தில் சேருங்கள். மேலே சொன்ன பென்சிற்கோட்டுச் சோதனையைக் கற்றுக்கொடுங்கள். ஒரு போர்வைக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அடிமட்டத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மாற்று அடிமட்டம் வாங்கும் செலவைத் தொழிற்செலவில் எழுதச் சொல்லுங்கள். தொழிற்சங்கங்களிடமும் ஒன்று: நாட்கூலிக்காகக் குரல் கொடுக்கும்போதே, தராசின் முத்திரையைப் பார்க்கும் உரிமைக்காகவும் குரல் கொடுங்கள். நிறுவைக் கொட்டிலில் தெரிந்த நிறையுடைய ஒரு படிக்கல்லை எல்லோரும் காண வைத்தால், எவரும் தராசில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

விடைபெறும்போது அந்தப் பழைய அடிமட்டத்தை எறிந்துவிடுவீர்களா என்று தாயிடம் கேட்டேன். “எறியமாட்டேன் ஐயா. ஆணியில மாட்டி வைப்பேன். இவள இனி ஏசவந்தா அதப் பார்த்துக்குவேன்” என்றார்.