சத்தமில்லாமல் வரும் வாகனம்



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதன்பின் நமது வீதிகளில் புதிய ஹைபிரிட் கார்களும் மின்சாரக் கார்களும் கூடி வருகின்றன. "தீப்பிடிக்குமாமே, கரண்ட் அடிக்குமாமே" என்று பெண்கள் பலர் பயத்தோடு கேட்கின்றனர். பெற்றோலும் எரியக்கூடிய பொருள்தான். சுவீடனில் 2022ஆம் ஆண்டில் இருந்த 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மின்சார, ஹைபிரிட் கார்களில் தீப்பற்றியவை 23 மட்டுமே. ஆனால் பெற்றோல் கார் தன் ஆபத்தைச் சத்தத்தாலும் மணத்தாலும் முன்கூட்டியே காட்டிவிடும். புதிய கார் அப்படிக் காட்டாது. அதனால் நாம்தான் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, சத்தம். மெதுவாகச் செல்லும்போது இக்கார்களில் இயந்திர ஒலி கேட்பதில்லை. ஒழுங்கையில் விளையாடும் பிள்ளையும், காது மந்தமான முதியவரும், பார்வையற்றவரும் கார் பின்னால் வருவதை அறியமாட்டார்கள். இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் புதிய மின்சார, ஹைபிரிட் கார்கள் அனைத்தும் 20 கிலோமீற்றர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டுமெனச் சட்டமாக்கியது. ஆரம்பகால ஹைபிரிட் கார்களில் அந்த ஒலி இல்லை. "சத்தம் கேட்டால் ஒதுங்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இனிப் போதாது. "திரும்பிப் பார்த்து நட" என்று பழக்குங்கள்.

இரண்டாவது, நிறுத்தியும் நிற்காத கார். ஹைபிரிட் கார் அமைதியாக நின்றாலும் 'ரெடி' விளக்கு எரிந்தால் அது இயங்கும் நிலையிலேயே இருக்கிறது. பற்றரி குறைந்ததும் இயந்திரம் தானாகவே தொடங்கிவிடும். மூடிய கராஜில் இப்படி நடந்தால் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு வீட்டினுள் பரவும். அமெரிக்காவில் பொத்தானால் இயங்கும் கார்களை நிறுத்த மறந்ததால் நித்திரையிலேயே இறந்தவர்கள் உண்டு. இறங்கும் முன் அந்த விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

மூன்றாவது, மின்சாரம். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிரியஸ் போன்ற ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி சுமார் 200 வோல்ட், மின்சாரக் காரில் 350 வோல்ட்டுக்கும் மேல். செம்மஞ்சள் நிற வயர்களே அந்த மின்சாரத்தைக் கொண்டு செல்பவை. பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடக்கூடாது. குறைந்த செலவில் பற்றரி திருத்தித் தருவதாகச் சொல்வோரிடம் முதலில் அவர்களின் பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள். சில கார்களில் பற்றரியைக் குளிராக்கும் காற்றுத்துளை பின்னாசனத்தின் அருகில் இருக்கும். அதைப் பைகளால் மூடாதீர்கள்.

வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்வது, இரண்டு அயன்பெட்டிகளை விடிய விடியச் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். எக்ஸ்டென்ஷன் வயரைப் பாவிக்காதீர்கள். இதற்கெனத் தனி வயரும் ஏர்த்தும் ட்ரிப் ஸ்விட்சும் மின்சாரத் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, தீயும் வெள்ளமும். இப்பற்றரிகளில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். அணைந்தபின்னும் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் கழித்து மீண்டும் எரியலாம். 2011இல் அமெரிக்காவில் மோதல் சோதனைக்குள்ளான ஒரு ஷெவ்ரலே வோல்ட் கார் மூன்று வாரங்களின் பின்னரே தீப்பற்றியது. 2022இல் ஃபுளோரிடாவில் இயன் சூறாவளியின்போது கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்தபின் எரிந்தன. ஆகவே விபத்தில் சேதமடைந்த அல்லது வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்க வேண்டாம், சார்ஜ் செய்யவும் வேண்டாம். வீட்டிலிருந்து 50 அடி தள்ளி வெளியில் நிறுத்தச் செய்யுங்கள். புகை கண்டால் வாளியும் கையுமாக ஓடாமல் எல்லோரையும் தூர விலக்கி, 110க்கு அழைத்து, மின்சாரக் கார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கார் வாங்கும்போது விலையையும் எரிபொருள் மிச்சத்தையும் ஆண்கள் பேசட்டும். சார்ஜ் செய்யும் இடம் எது, 'ரெடி' விளக்கு எங்கே, பிள்ளைகள் விளையாடும் பக்கம் எது என்ற கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.