மூணாவது வீட்டு வாத்தியார்

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில், புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். புனேவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு, ஸ்கூல், கேஸ் கனெக்‌ஷன், இட்லி மாவு கிடைக்கிற கடை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிட்டார். பாக்கி இருந்தது ஒன்றுதான்.

"சார், பாப்பாவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க யாராவது இருக்காங்களா? கர்நாடக சங்கீதந்தானுங்க. நம்ம ஊர்க்காரங்களா இருந்தா நல்லாருக்கும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், கண்ணில் பட்ட தமிழ்க்காரர்கள் எல்லோரிடமும் கேட்டு அலைந்தவன்தான். இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால், போன் நம்பர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு எதிர்க்கேள்வி கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கு வேண்டியது பாட்டு வாத்தியாரா, இல்லை நம்ம ஊரா?

கோவிச்சுக்காதீங்க. என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டலாம்.

அப்போது எங்கள் பொண்ணுக்கு ஏழு வயது. பல் தேய்க்கும்போது பாடுவாள், ஷூ மாட்டும்போது பாடுவாள். டிவி விளம்பரம், ஸ்கூல் பிரேயர், கணபதி பந்தலில் போடுகிற ஆரத்தி, எதுவானாலும் இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும். "இவளைப் பாட்டுல சேர்க்கலைன்னா பாவம் நமக்குத்தான்" என்றார் தங்கமணி. கர்நாடக சங்கீதம் என்பதில் எங்களுக்குள் விவாதமே நடக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு வீட்டிலும் பாட்டுப் பரம்பரை எதுவும் கிடையாது. ஆனாலும் அது நம்மது இல்லையா?

முதலில் ஒரு பயிற்சி நிலையம். நாங்கள் இருப்பது வாக்கட். வகுப்பு ராஸ்தா பேட் பக்கம், பழைய தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பகுதி. சனிக்கிழமை போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் 45 நிமிட வகுப்பு. 14 பிள்ளைகள், ஒரே சுருதிப் பெட்டி, எல்லோருக்கும் ஐந்து கட்டை. என் பொண்ணுக்கு மேல் ஷட்ஜம் எட்டவில்லை. எட்டாத பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 45 நிமிடத்தை 14 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்தான். அதில் எந்தத் தொண்டையைத் தனியாகக் கேட்பது?

அடுத்தது ஆன்லைன். சென்னையில் ஒரு அம்மா. நல்ல வித்வத், பொறுமைசாலி, அழகான தமிழ். இதை விட வேறென்ன வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஆரம்பப் பாடம் என்பது வாத்தியார் பாட, கூடவே சேர்ந்து பாடிப் பிடித்துக்கொள்வது. இணையத்தில் குரல் போய்ச் சேர ஆகும் தாமதத்தில் அது நடக்காது. சேர்ந்து பாடினால் தாளம் முட்டும். ஆகவே அவர் பாடும்போது இவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இவள் பாடும்போது அவர். போதாக்குறைக்கு, ஜூம் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அடக்கிவிடுகிறது. செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகும் என்று எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. இந்தப் பக்கம் குழந்தை கூனி உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறாள் என்பது அந்தப் பக்கம் சின்னச் சதுரத்தில் தெரியாது.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஜண்டை வரிசை தாண்டவில்லை. அது பரவாயில்லை.

ஒரு நாள் காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பொண்ணு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. இவள் எப்போதிலிருந்து பாடுவதை நிறுத்தினாள்? தங்கமணியிடம் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு தீபாவளிக்கு முன்னாடியே நின்னுபோச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை." பாட்டு கற்றுக்கொடுக்கப் போய், பாடிக்கொண்டிருந்த குழந்தையை வாயை மூட வைத்திருந்தோம்.

இனிமேல்தான் விஷயம். எங்கள் குடியிருப்பிலேயே அடுத்த விங்கில் ஒரு மராட்டி அம்மா இந்துஸ்தானி வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறார். பிள்ளைகள் 'தாயி' என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். நாலு வருஷமாக லிப்டில் பார்த்து 'நமஸ்காரம்' சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நமக்கு அவர் கணக்கில் வரவே இல்லை, ஏனென்றால் நாம் தேடியது வேறு. வேறு வழியில்லாமல் போய் நின்றேன்.

முதல் நாள் அவர் எந்தப் பாடமும் எடுக்கவில்லை. பொண்ணைப் பேசவிட்டார், அவளுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டைப் பாடச் சொன்னார், பக்கத்தில் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு கட்டையை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாம் ஐந்தரைக் கட்டை என்பதை இங்கே 'கறுப்பு நாலு' என்பார்கள், ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகளை எண்ணி. பத்து நிமிடம் கழித்து ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுதான் இவள் வீடு" என்று ஹிந்தியில் சொன்னார். பொண்ணு அன்றைக்கு ஸா மட்டும் பாடிவிட்டு வந்தாள். மறுநாள் பல் தேய்க்கும்போது அந்த ஸா கேட்டது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பது, "அப்போ நம்ம பாரம்பரியம்?"

நியாயமான கேள்விதான். நானும் யோசித்தேன். அம்பாசமுத்திரத்தில் சின்ன வயதில் நான் இரண்டு வருஷம் மிருதங்கம் தட்டியிருக்கிறேன். ஏன் மிருதங்கம்? வாத்தியார் மூணாவது வீட்டில் இருந்தார், அம்மா வாசலில் நின்றாலே நான் போய்ச் சேர்ந்ததைப் பார்க்கலாம். அவர் வயலின் வாத்தியாராக இருந்திருந்தால் வயலின் இழுத்திருப்பேன். நம்மில் பல பேருக்குக் கிடைத்த சங்கீதம் இப்படிப் பக்கத்தில் இருந்ததால் வந்ததுதான். அந்தப் பக்கத்து வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் வந்தபிறகு, அந்த வாத்தியாரை மட்டும் கூடவே எடுத்துவர நினைக்கிறோம்.

"பாட்டு மூலமா தமிழாவது வருமே" என்பது அடுத்த வாதம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஆரம்பத்தில் வருகிற மலஹரி கீதங்கள் புரந்தரதாசர் செய்தவை. அதற்கப்புறம் கற்கும் கிருதிகளில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமும். கச்சேரி மேடையில் தமிழ் கேட்கவில்லை என்ற ஆதங்கத்தில்தானே அண்ணாமலைச் செட்டியார் முதலானோர் தமிழிசை இயக்கத்தை எழுப்பி, 1943ல் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள்? தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதைப் பாட்டு வாத்தியார் தலையில் கட்டிவிட்டு நான் லேப்டாப்பில் உட்காரக் கூடாது. இப்போது தினமும் இரவு அரைமணி நேரம் நானும் அவளும் தமிழ் படிக்கிறோம். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு சங்கீதத்துக்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவு பெரிய சுவரும் இல்லை. கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான் இதே புனேயில் 1913ல் இசைப்பள்ளி தொடங்கியவர். கர்நாடக சங்கீதத்தை ஆசையாகக் கற்று, தியாகராஜர் கிருதியை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். 1937ல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்துச் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில். அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி.

பீம்சேன் ஜோஷியின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1933ல், 11 வயதில், குருவைத் தேடி வடகர்நாடகத்துக் கதக்கிலிருந்து வீட்டை விட்டு ஓடினார். குவாலியர், கல்கத்தா, டெல்லி என்று சுற்றி ஜலந்தர் வரை போனார். அங்கேதான் விநாயகராவ் பட்வர்தன், உன் ஊர்ப் பக்கத்திலேயே சவாய் கந்தர்வர் இருக்கிறாரே, அவரிடம் போ என்று சொன்னதாகச் சொல்வார்கள். குருவின் ஊர் ஹூப்ளி பக்கத்துக் குந்தகோல். பையன் வட இந்தியாவையே சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்தான். அந்தக் குருவின் நினைவாக அவர் 1953ல் ஆரம்பித்த விழாதான் இன்றும் டிசம்பரில் புனேயே திரண்டு போகிற சவாய் கந்தர்வ விழா.

ஆகவே என் கட்சி இதுதான். ஆரம்பிக்கிற குழந்தைக்கு எந்தச் சங்கீதம் என்பது இரண்டாவது கேள்வி. எந்த மனுஷர் என்பதுதான் முதல் கேள்வி. நேரில் உட்கார்ந்து உங்கள் குழந்தையின் தொண்டையைத் தனியாகக் கேட்கிற ஒருத்தர் நடக்கிற தூரத்தில் இருந்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர்தான் உங்கள் வாத்தியார்.

இதற்கு விலக்கு உண்டு. ஏற்கனவே ஊரில் நாலைந்து வருஷம் கற்று வர்ணம் வரை வந்த பிள்ளையை மாற்றாதீர்கள். குரலும் தாளமும் நிலைத்த பிள்ளைக்கு, பழைய குருவிடமே ஆன்லைனில் தொடர்வது நன்றாகவே நடக்கிறது. பக்கத்திலேயே நல்ல கர்நாடக சங்கீத வாத்தியார் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி, விடாதீர்கள்.

தேடுகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

1. சேர்க்கும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். வாத்தியார் பாடும் நேரத்தை விடப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்கும் நேரம் அதிகமா என்று கவனியுங்கள். பார்க்கவே விடமாட்டேன் என்றால் யோசியுங்கள்.

2. "இவளுக்கு எந்தச் சுருதி?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

3. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரத்தை விட, இரண்டு நாள் அரைமணி நேரம் மேல். பாடத்தைப் போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். வீட்டில் தினமும் 15 நிமிடம் போதும்.

4. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் மொத்தப் பணம். வாத்தியக் கருவி என்றால் உடனே வாங்காதீர்கள். வயலினில் கால், அரை, முக்கால் என்று குழந்தையின் கைக்குத் தக்க அளவுகள் உண்டு, அளவை வாத்தியார் சொல்லட்டும்.

5. வாத்தியாரின் பட்டம், மேடை, போட்டோ எல்லாம் அப்புறம். மூன்று மாதம் கழித்துக் குழந்தை தானாக முணுமுணுக்கிறதா? அதுதான் மார்க் ஷீட்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரில் கோயில் கொலுவுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் பாடுவது இவளுக்குத் தெரியாது. போனில் 'ஸ ரே க ம' என்று ஆரம்பித்தால் எங்கம்மா அந்தப் பக்கத்திலிருந்து "ரி, ரி" என்று திருத்துகிறார். இவள் "அது தாயி வீட்ல ரே, ஆச்சி வீட்ல ரி" என்கிறாள். போன மாதம் தாயி பூப் ராகம் ஆரம்பித்தார். அதை இவள் பாட, எங்கம்மா, "இது நம்ம மோகனம்லா!" என்றார். அன்றைக்குத்தான் திருத்துவதை நிறுத்தினார்.

கோயம்புத்தூர்க்காரரிடம் ராஸ்தா பேட் நம்பரும் கொடுத்தேன், சென்னை அம்மா நம்பரும் கொடுத்தேன். அதோடு, "அதுக்கு முன்னாடி உங்க பில்டிங் வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, சாயங்காலம் எந்த வீட்டுல ஹார்மோனியச் சத்தம் கேட்குதுன்னு" என்றும் சொன்னேன்.

நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார். நாலாவது மாடியாம்.