நோய் என்றால் மன்னிப்புக்கு வேலையில்லை

இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்த ஜெர்மனியை மறுகல்வி திருத்திற்று, மனநல மருத்துவம் தெளிவித்தது, தொலைக்காட்சி விளையாட்டு சிரிக்க வைத்தது என்று எழுதுவோர் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

1943-இல் ரிச்சர்டு பிரிக்னர் என்னும் நியூயார்க் மனநல மருத்துவர், ஜெர்மனி குணப்படுத்த முடியாத நாடா என்று கேட்டு ஒரு நூல் எழுதினார். பிறரெல்லாம் தன்னை அழிக்கச் சதி செய்வதாக நம்பும் மனநோய் அந்நாட்டின் பண்பாட்டையே பீடித்திருப்பதாகக் கணித்தார். போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் 131 கேள்விகள் கொண்ட படிவத்தை மக்களிடம் நீட்டினர். கட்சியில் இருந்தாயா, எப்பதவி வகித்தாய் என்று படிவம் கேட்டது. படிவத்தை நிரப்பலாம், மனத்துயரை அதில் நிரப்ப இயலுமா? நோயாளியிடம் எவரும் பாவத்திற்குக் கணக்குக் கேட்பதில்லை. நோய் என்ற சொல்லுக்குள் குற்றவாளியும் ஒளிந்துகொள்ளலாம்.

ஒளிந்தும் கொண்டான். 1940-41-இல் மனநல மருத்துவர்களின் மேற்பார்வையிலேயே மனநோயாளரும் ஊனமுற்றோருமாகச் சுமார் 70,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். திருச்சபையில் வாய்மூடி இருந்தோர் பலர். ஆனால் 1941 ஆகஸ்டு 3-ஆம் நாள் மியூன்ஸ்டர் ஆயர் ஃபொன் காலன் தம் மறையுரையில் அதனைக் கொலை என்றே பெயரிட்டு அழைத்தார். அத்திட்டத்தின் மருத்துவ இயக்குநராயிருந்த வெர்னர் ஹைடே, போருக்குப்பின் சவாடே என்ற பொய்ப்பெயரில் வாழ்ந்து, 1959 வரை நீதிமன்றங்களுக்கே மனநலச் சான்று எழுதிவந்தான்!

அதே ஆண்டுகளில், 1955 முதல், மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டு நடந்தது. விருந்தினரின் தொழில் யாதென்று 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் பன்றி உண்டியலில் ஐந்து மார்க் விழும். நாடே பார்த்து மகிழ்ந்தது. ஹைடேயின் தொழிலைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஹான்ஸ் ரோசந்தால் என்ற யூதர், நாசி ஆட்சியில் பெர்லின் தோட்டக் குடிசையொன்றில் மறைந்து உயிர் பிழைத்தவர். தம்பியைப் பறிகொடுத்தவர். பின்னாளில் புகழ்பெற்ற விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். 1978 நவம்பர் 9, யூதர்மீது வன்முறை ஏவப்பட்ட 1938-ஆம் ஆண்டு இரவின் நாற்பதாம் நினைவுநாள். அன்று வரவிருந்த நிகழ்ச்சியை வேறு நாளுக்கு மாற்றும்படி அவர் கேட்டார். நிலையம் இணங்கவில்லை. கருப்புடை அணிந்து அவர் நாட்டைச் சிரிக்க வைத்தார். துக்கம் அந்த ஒருவருடைய உடையில் மட்டும் இருந்தது.

மனநல மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. 1967-இல் மிச்சர்லிக் தம்பதியர், துக்கப்பட இயலாத நாடு தங்களுடையது என்று துணிந்து எழுதினர், அவர்களும் அத்துறையினரே. விளையாட்டையும் பழிக்கவில்லை. மனமாற்றத்தின் இருக்கையில் இவை அமர்வதையே எதிர்க்கிறோம். தாவீதின் முன் நின்ற நாத்தான் மருந்து எழுதித் தரவில்லை. குற்றவாளி யாரென்று சுட்டிக் காட்டினார். சக்கேயு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்.

இன்று ஒப்புரவு அருட்சாதனத்தை நாடி வருவோர் குறைந்து வருகின்றனர். பாவத்தைப் பலவீனம் என்கிறோம், மன இறுக்கம் என்கிறோம். மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து மறந்தும் விடுகிறோம். அன்பர்களே, ஆன்ம சோதனை, மனத்துயர், பிரதிக்கினை, பாவ அறிக்கை, பரிகாரம் என ஐந்தையும் சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். நோயாளிக்கு மன்னிப்புத் தேவையில்லை. பாவிக்கு மட்டுமே அது உண்டு. அந்தப் பெயரை இழந்துவிட வேண்டாம்.