தாமே சமைத்த கருவி

விலையுயர்ந்த கருவிகள் வாய்த்தாலன்றித் திரைப்படக்கலை கைகூடாது என்று எண்ணி ஏங்கும் இளைஞர் பலர். அவ்வெண்ணம் பிழையுடையது. கலைஞனுக்கு முதற்கண் வேண்டுவது, தான் காட்ட விரும்புவது இன்னது என்னும் தெளிவேயாகும். அத்தெளிவு உண்டாயின், அதற்கேற்ற கருவியைக் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம். திரைப்பட வரலாறு இதற்குச் சான்று பகரும்.

பிரான்சு நாட்டுக் கோதார் என்பார் தம் முதல் முழுநீளப் படத்தை 1959ஆம் ஆண்டில் பாரிசு நகரத் தெருக்களிற் பிடித்தார். நடப்பாரைத் தொடர்ந்து காமிராவும் செல்லுதல் வேண்டும். கையிலிருந்த பொருளோ சிறிது. ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் காமிராவுடன் சக்கர நாற்காலியில் அமர, அதனைப் பின்னின்று தள்ளிச் சென்றனர். நோயாளர்க்கென அமைந்த நாற்காலி கலைக்கு ஊர்தியாயிற்று.

1979ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது வயதினரான சாம் ரைமி, அமெரிக்க நாட்டு டென்னசி மாநிலத்தில் அச்சச்சுவை மிக்க படமொன்றை எடுத்தார். கண்ணுக்குப் புலனாகாத தீய ஆற்றலொன்று காட்டினூடே விரைந்து வருவதைக் காட்ட விரும்பினார். நீண்ட பலகையின் நடுவே காமிராவைப் பிணித்து, இருமுனைகளையும் இருவர் பற்றிக்கொண்டு ஓடினர்.

இதன் நுட்பம் யாது? கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தர் நீண்ட கழியொன்றை ஏந்துவதை மாணவர் அறிவர். எடை நடுவிடத்தினின்று விலகிப் பரந்திருப்பின், பொருள் எளிதிற் சுழன்று சாயாது. பலகையும் அவ்வாறே காமிராவின் ஆட்டத்தைக் குறைத்தது.

இந்நெறியை அதற்கு முன்னரே ஆராய்ந்தவர் பிலடெல்பியா நகரத்துக் காரெட் பிரௌன். அவர் குழாய்களையும் எடைகளையும் இணைத்துப் பலகாலும் செய்து பார்த்தார். தண்டின் மேற்புறம் காமிராவையும் கீழ்ப்புறம் ஈடான எடையையும் பொருத்தி, எடை சமன்படும் இடத்தருகே அதனைத் தாங்கினார். பின்னர், சுருள்வில் அமைந்த கையொன்றை உடலில் அணியும் கச்சோடு இணைத்து, நடையின் அதிர்வு காமிராவை எட்டாதவாறு தடுத்தார். 'ஸ்டெடிகாம்' என்னும் அக்கருவி 1976இல் வெளிவந்த 'ராக்கி' முதலிய படங்களிற் பயன்பட்டது. 1978இல் ஆஸ்கார் விழாவின் தொழில்நுட்பப் பரிசையும் பெற்றது.

வீட்டிற் செய்த கருவி விளையாட்டுப் பொருளே என்று இகழ்வாரும் உளர். அது பழுதுபடும் என்பது உண்மையே. ஆயினும், பழுதின் காரணத்தைத் தேடுங்கால் எடை, சமநிலை, அசைவு ஆகியவற்றின் இயல்பு தெளிவாக விளங்கும். விலைகொடுத்து வாங்கிய கருவி இத்துணையும் கற்பியாது. அதே வேளையில், கருவி செய்யும் மகிழ்ச்சியில் காட்டவேண்டிய கதையை மறத்தலும் குற்றமாம். பிணைப்பு உறுதியாக உள்ளதா என்று ஆராயாமல் ஓடுதல் அதனினும் பெருங்குற்றம்; காமிராவுக்கும் ஆளுக்கும் கேடு விளையும்.

இன்று கைப்பேசியிலேயே காமிரா அமைந்துள்ளது. ஒரு தண்டு, அடியில் சிறிது எடை, உறுதியான கட்டு ஆகிய இவை தொடங்குவதற்குப் போதும். நல்ல கருவி வரட்டும் என்று காத்திருப்பார்க்கு இளமை வீணே கழியும். உள்ளதைக் கொண்டு முயல்வார்க்குக் கருவியும் அமையும், கலையும் கைவரும்.