எட்டு லட்சமும் ஒரு நோட்டும்

போன வாரம் என் அக்கா மகன் வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வங்கிக் கடனுக்கு மனு எழுதித் தர வேண்டுமாம். 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் குடும்பத்தில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். “எதுக்குடா கடன்?” என்றேன். பையன் சினிமா டைரக்டர் ஆகப் போகிறான். ஒரு தனியார் கல்லூரி, ஒரு வருடப் படிப்பு, 8 லட்சம். வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகத்தை நீட்டினான். அதில் கட்டணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

மனு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “படிக்காம எப்படி மாமா வரும்?” என்று கோபித்துக்கொண்டு போனான். நான் எழுதுவதை அவனும் படிக்கிறவன்தான். பதிலை இங்கேயே சொல்கிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன், முதலில் அங்கேதான் போவேன். பிரான்சுவா த்ரூஃபோ 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பாரிஸ் தியேட்டர்களிலும் சினிமாத்தெக்கிலும் உட்கார்ந்து படம் பார்த்தார், விமரிசனம் எழுதினார். அவருடைய முதல் முழுநீளப் படம் ‘லே கத்ர் சான் கூ’ 1959இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கியது. (வால்தனம் செய்வதைக் குறிக்கும் மரபுத்தொடர் அது. ஆங்கிலக்காரர்கள் ‘நானூறு அடிகள்’ என்று பெயர்த்துக் கெடுத்தார்கள். நம் ஊரிலும் அப்படியே சொல்கிறார்கள்.) அன்யேஸ் வர்தா அம்மையார் நாடகக் குழுவில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அதுவரை பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1954இல் செத் என்ற ஊரின் மீனவர் குப்பத்துக்குப் போய் முதல் படத்தை எடுத்தார்.

“அது வெள்ளைக்காரன் கதை” என்பான். சரி, கல்கத்தாவுக்கு வருகிறேன். சத்யஜித் ராய் விளம்பரக் கம்பெனியில் ஓவியராக மாதச் சம்பளம் வாங்கியவர். ஒரு கதை படமாகப் போகிறது என்று செய்தி வந்தால், தானே அதற்குத் திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இதுதான் அவர் படித்த கல்லூரி. ‘பதேர் பாஞ்சாலி’யை 1952இல் விடுமுறை நாட்களில்தான் எடுக்க ஆரம்பித்தார். காமிராமேன் சுப்ரதோ மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் அவர் சினிமா காமிராவை இயக்கியதே இல்லை. ழான் ரெனுவார் அங்கே ‘தி ரிவர்’ எடுத்தபோது ஓரமாக நின்று, விளக்கு எங்கே, காமிரா எங்கே என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தார். ஒரு நோட்டு, அவ்வளவுதான் செலவு. ராயிடம் பணம் தீர்ந்தபின் வங்காள அரசு கை கொடுத்தது. படத்தின் பெயரில் ‘பாதை’ இருந்ததால் அந்தச் செலவைச் சாலைக் கணக்கில் எழுதினார்கள் என்று சொல்வார்கள். எழுதிய குமாஸ்தாவை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

நம் கே. பாலசந்தரும் சென்னை ஏஜி ஆபீஸில் கோப்பு பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். பாலு மகேந்திரா புனேயில் படித்தவர். 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்தவர்கள் சென்னை அரசுத் திரைப்படக் கல்லூரிப் பிள்ளைகள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு எல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் வரும். அந்த அரசுக் கல்லூரியின் கட்டணத்தைத் தனியார் கேட்பதோடு ஒப்பிடவே முடியாது. அங்கே விண்ணப்பம் போடட்டும், நானே எழுதித் தருகிறேன். வீட்டை அடகு வைத்து ஒரு வருடம் ஏசி அறையில் உட்காருவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், ஒரு பழைய கதை இருக்கிறது. 1978இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு உறவினர் லீவில் வந்தபோது ஒரு சூப்பர்-8 காமிராவை என்னிடம் விட்டுப் போனார். ஒரு சுருள் 3 நிமிடம் 20 வினாடி ஓடும். கடற்கரையில் வலை இழுப்பதை எடுத்தேன். கழுவுவதற்குப் பிரான்சுக்கு அனுப்பி, திரும்பி வர நான்கு மாதம். வந்ததும் சுவரில் ஓட்டிப் பார்த்தோம். பாதி இருட்டு, மீதி ஆட்டம். எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்தால் எடுத்த நாளே மறந்து போயிருந்தது. அடுத்த சுருளுக்குக் காசில்லை, பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. காமிராவைத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு சரி.

இந்தப் பையன் சட்டைப்பையில் காமிரா இருக்கிறது. தப்பு அடுத்த நொடியே தெரிந்துவிடும். “மூணு வருஷமா போன் வச்சிருக்கியே, ஒரு நிமிஷப் படம் ஒண்ணு எடுத்திருக்கியாடா?” என்று கேட்டேன். “இல்ல தாத்தா, கோர்ஸ் சேர்ந்ததும் எடுக்கலாம்னு...” என்று இழுத்தான். யூடியூபில் டைரக்டர்கள் பேட்டி மட்டும் நூறு பார்த்திருக்கிறான். தானாகக் கற்பதென்றால் அதுவும் இல்லை.

எங்கள் பள்ளியில் திக்தே என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும், பிறகு தப்பை எண்ணிச் சிவப்பு மையில் போடுவார். அதையே அவனுக்கும் வைத்தேன். த்ரூஃபோ படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் போட்டு, அந்தப் பிள்ளை கடலைப் பார்க்க ஓடுவதைப் பார்க்கச் சொன்னேன். பிறகு டிவியை அணைத்துவிட்டு, எத்தனை ஷாட், காமிரா எப்போது அவனோடு ஓடியது, எப்போது நின்றது, காதில் என்ன கேட்டது என்று எழுதச் சொன்னேன். அரைப் பக்கம் எழுதினான். திரும்பப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு. முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் கிளம்பும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். வலை இழுக்கிறார்களாம். மஞ்சள் பை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.