இலவசம் என்றால் மட்டும் ஏழைப் பிள்ளை வருமா?



எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணித பாடம் நடக்கும்போதும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டே இருப்பான். எத்தனையோ தடவை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். மீலாத் விழாவுக்கு ரபான் அடிக்க ஆள் தேடியபோதுதான் அவனைக் கூப்பிட்டோம். அன்று அவன் அடித்ததைக் கேட்டு ஆசிரியர்கள் நாங்களே வாயடைத்துப் போனோம். விழா முடிந்ததும் ரபானை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அவன் ஓ.எல். எழுதாமலே வாப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான்.

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. வசதியுள்ள பிள்ளைக்கு அதன்பிறகு ரியூசன். வசதியில்லாத பிள்ளைக்கு மத்ரஸா முடிந்தால் மஃரிப் வரை சந்தியும் கடற்கரையும்தான். அந்த நேரத்தில் யார் யார் நம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள் என்பது உம்மாமாருக்கு நன்றாகத் தெரியும்.

கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில், கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1892இல் நமது பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்து, 1947இல் யாழ்நூலைத் தந்த அடிகளாரின் பெயரில் இயங்குவது. அங்கே இசையையே பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். அந்த மாணவர்களில் சிலர் கிழமைக்கு இரண்டு பின்னேரம் வந்து நம் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன? பிள்ளைகளுக்கு இசை கிடைக்கும். அவர்களுக்குக் கற்பித்த அனுபவம் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தும் பேசிப் பழகாத நம் பிள்ளைகளுக்கு ஓர் அண்ணனும் அக்காவும் கிடைப்பார்கள்.

இப்படி உலகில் நடந்திருக்கிறது. வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு இலவச இசைப் பயிற்சியைத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர்கள் 11 பேர்தான் என்று அவரே பிறகு சொன்னார். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே அது நாடெங்கும் பரவி, லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்தது.

ஆனால் அங்கிருந்து நாம் படிக்கவேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. 16 நிலையங்களில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இசை பழகிய பிள்ளைகளிடம் தன்னடக்கம் சற்றுக் கூடியிருந்தது. ஆனால், சேர்ந்தவர்களில் ஏழைகள் 17 வீதமளவுதான். அந்தப் பிரதேசங்களிலோ வறுமை 47 வீதத்துக்குக் கிட்ட இருந்தது. கதவைத் திறந்து வைத்தும், யாருக்காகத் திறந்தார்களோ அவர்களில் பலர் உள்ளே வரவில்லை.

இங்கேயும் அதுதான் நடக்கும். இலவச வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினால் முதலில் வருவது ரியூசனுக்குப் போகும் பிள்ளைதான். ஆகவே வகுப்பைப் பிரதான வீதியில் வைக்காமல் கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பாடசாலையில் வைப்போம். மத்ரஸா நேரத்தைத் தொடாமல் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வைப்போம். வாத்தியங்களைப் பாடசாலையே வைத்திருக்கட்டும். வரும் மாணவர்களின் பஸ் காசையும் தேநீரையும் ஊர் பொறுப்பெடுக்கட்டும். நாலு நாள் வந்துவிட்டு நிற்காமல் ஒரு வருடமாவது வருவோம் என்று அவர்களிடம் பேசி எடுப்போம். மேசையில் தட்டும் பிள்ளையை ஆசிரியர் நாங்களே வீடு தேடிப்போய் அழைத்து வருகிறோம்.

இசை கூடுமா என்று சிலர் கேட்பீர்கள். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள விடயம் அது. அதைத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை. எந்தப் பிள்ளை எதைப் பழகவேண்டும் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும். ரபானும் கஸீதாவும் பக்கீர் பைத்தும் பொல்லடியும் நம் வாப்பா, மூத்தவாப்பா காலத்துச் சொத்துகள்தானே. அவற்றைத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களையும் அதே வகுப்பில் உட்கார வைப்போம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரே, பழைய மாணவர்களே, பெரிய காசு கேட்கவில்லை. ஓர் அறையும் பஸ் காசும் கேட்கிறோம். அலுமாரிச் சாவி எங்களிடம் இருக்கிறது. ரபானை வெளியே எடுக்க நாங்கள் தயார்.